பெரியப்பா அனுப்பிய சேர்வர்

துளசி,

கம்பனிகளுக்குச் சேர்வர் தெரிவு செய்து கொடுக்கும் அந்தச் சிங்கப்பூர் வேலைக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லையாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "நான் ஒருக்காப் பிழையாத் தெரிவு செய்த ஆள் அம்மா. மற்றவைக்கு என்னெண்டு மெசின் தெரிவு செய்து குடுப்பன்?" என்றாயாம். அம்மா குசினியில் நின்றபடி இதை எனக்குச் சொன்னாள். "நீங்கள் ஒருக்கா அவளோட கதையுங்கோவன்" என்றும் சொன்னாள். ஆனால் உன்னோடு கதைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சரி அப்பா, விளங்குது அப்பா" என்று சொல்லிக்கொண்டே என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நீ கட்டிய தளத்திலேயே போடப்போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும், பொறுத்துக்கொள். பவளம் மாமியின் செத்தவீட்டு நேரலையைப் பார்க்க முடியாமல் அன்று கோபத்தில் எழுதியவர்கள் பலர். அவர்களும் இதை வாசிக்கட்டும் என்று நினைக்கிறேன். அவர்களுக்காக, உனக்கு ஏற்கெனவே தெரிந்த சிலதையும் சொல்லவேண்டி இருக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அது நீ வீட்டில் இல்லாத கிழமையில் நடந்தது.

எனக்குத் தொழில் படம் பிடிப்பது. சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட, முன்பக்கம் ஸ்ரூடியோ, பின்பக்கம் வீடு. கலியாணமோ செத்தவீடோ, எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே வர முடியாமல் போனவர்களுக்காகத்தான் நான் படம் பிடிக்கிறேன் என்பது தொழிலுக்கு வந்த புதிதிலேயே விளங்கிவிட்டது. முற்றத்தில் நிற்பவர்கள் என் படத்தை ஒருமுறை பார்த்தால் பெரிய காரியம். கடல் கடந்து இருப்பவர்கள்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். முன்பு கசெற்றில் பதிந்து தபாலில் அனுப்பினோம், பிறகு சீடி. நீ பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் படிக்கத் தொடங்கி, படிப்பு முடியுமுன்பே எங்களுக்கென்று ஒரு தளம் கட்டினாய். வீட்டில் காரியம் நடக்கும்போதே, வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் கடவுச்சொல்லைப் போட்டு நேரலையில் பார்க்கலாம். முடிந்த பிறகு பதிவும் அங்கேயே இருக்கும். இலவசமாகக் காட்டும் பெரிய தளங்களில் போடலாமே என்று பலர் கேட்டார்கள். அங்கே போட்டால் கலியாண வீட்டில் யாரோ போட்ட சினிமாப் பாட்டுக்காக நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். செத்தவீட்டை ஊர் உலகம் எல்லாம் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களும் இருந்தன. அதனால்தான் நீ தனியாகக் கட்டினாய்.

ஆரம்பத்தில் அந்தத் தளம் மாத வாடகைக்கு எடுத்த ஒரு மலிவான இடத்தில் இருந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுப் பாவிக்கும் இடம். பக்கத்தில் இருக்கும் யாருடைய தளத்துக்காவது கூட்டம் கூடினால் எங்கள் படம் இழுபடும். எங்களுக்கென்று ஒரு சேர்வர் வேண்டும் என்ற கதை அப்போதுதான் வந்தது. சேர்வர் என்றால் எனக்கு அன்று ஒரு பெரிய கொம்பியூட்டர், அவ்வளவுதான். பவளம் மாமிக்கு அதுவும் இல்லை. அவள் என் அக்கா, கலியாணம் செய்யாதவள், வேலைக்காலம் முழுவதும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடேயே இருந்தாள். ஒருநாள் பின்னேரத் தேத்தண்ணிக்கு எல்லோரும் இருந்தபோது நீ எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினாய்.

"அப்பா, ஒரே நேரத்தில எத்தினை பேர் பாப்பினம்?"

"அது செத்த ஆளைப் பொறுத்தது" என்றேன்.

மாமி சிரித்துவிட்டாள். "உவன் சொல்லுறது சரிதான் பிள்ளை. நல்ல மனுசர் எண்டால் கனபேர் வருவினம். கெட்ட மனுசர் எண்டாலும் கனபேர் வருவினம், உண்மையாச் செத்திட்டாரோ எண்டு பாக்க."

நீயும் சிரித்தாய், ஆனால் கேள்வியை விடவில்லை. பார்க்கிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், நேரலையைப் பார்ப்பவர்கள் அதிகமா பழைய பதிவைப் பார்ப்பவர்கள் அதிகமா, அரை மணித்தியாலம் நின்றுபோனால் யாருக்கு என்ன கெட்டுப்போகும், மாதாமாதம் ஸ்ரூடியோ எவ்வளவைத் தாங்கும் என்றெல்லாம் கேட்டாய். இயந்திரத்தின் பெயரையோ விலையையோ நீ சொல்லவே இல்லை. எனக்கு அது புதினமாக இருந்தது. நான் கமரா வாங்கப் போனால் முதலில் கடைக்காரன் காட்டுவதைத்தான் பார்ப்பேன்.

இந்தக் கதையை நான் அண்ணையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கனடாவில் இருக்கும் உன் பெரியப்பா, ஒரு பெரிய கம்பனிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவர். கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பார். முதலில் என்னோடு கொஞ்சம், மிச்ச நேரம் முழுவதும் பவளத்தோடு. துளசிக்குச் சேர்வர் தேவைப்படுகிறது என்று சொன்னதும் அவருடைய குரலே மாறிவிட்டது. அந்தக் கம்பனியில் பழைய இயந்திரங்களைக் கழிக்கப்போகிறார்களாம். "ஒண்டுக்கும் யோசியாதை, நான் அனுப்புறன்" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அது மரப்பெட்டிக்குள் போய்க் கப்பலில் ஏறிவிட்டது.

அது வந்து இறங்கிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அயலில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் வந்து பிடித்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். கட்டில் பலகை மாதிரி நீளம், தட்டையான இரும்பு. உள்ளே இரண்டு மூளை, இவ்வளவு மெமரி, இத்தனை டிஸ்க் என்று நீ திறந்து காட்டினாய். உன் கண்ணில் ஆசை இருந்ததை நான் பார்த்தேன். ஸ்விச்சைப் போட்டதும் அதன் விசிறிகள் போட்ட சத்தத்தில் மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மாமி காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "உந்தப் பெட்டிக்கு என்ன கோபம் பிள்ளை? ஏதும் தின்னக் குடுத்தியோ?" என்றாள். அதற்குத் தின்னக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. கரண்ட் பில் வந்தபோது அம்மா அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை பார்த்தாள். சூடு தாங்காது என்று அந்த அறைக்கு ஏசியும் பூட்டினோம். வீட்டிலேயே குளிரான இடம் அதுதான் என்று மாமி பத்திரிகையை எடுத்துக்கொண்டு அங்கே போய் இருக்கத் தொடங்கினாள்.

நீ எங்களுக்குச் சொல்லாமல் விடவில்லை. பெட்டியைத் திறந்த அன்றே சொன்னாய்.

"அப்பா, இது நூறு பேருக்குச் சமைக்கிற குசினி. ஆனா சாப்பாடு வெளிய போற வாசல் ஒண்டுதான். அதுவும் சரியான ஒடுக்கம். எங்கடை லைனில உள்ள வாறது வேகம், வெளிய போறது மெதுவு. பாக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் இந்த வீட்டில இருந்து தனித்தனியாப் படம் போகோணும். ஆக்கள் கூடினால் மெசின் களைக்காது, வாசல் அடைச்சுப்போகும்."

"அப்ப வேண்டாமெண்டு அண்ணையிட்டைச் சொல்லுவமோ?" என்று கேட்டேன்.

நீ பதில் சொல்லுமுன் மாமி சொன்னாள்: "அவர் எவ்வளவு ஆசையா அனுப்பினவர். அதைப் போய் என்னெண்டு சொல்லுறது?"

நீ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பழைய நேரலைகளை எல்லாம் எடுத்து, எத்தனை பேர் ஒன்றாகப் பார்த்தார்கள் என்று பார்த்தாய். வழக்கமாக வரும் கூட்டத்துக்கு வாசல் போதும் என்று கண்ட பிறகுதான் தளத்தை அதற்கு மாற்றினாய். மாற்றிய பிறகு மாதக்கணக்கில் அது ஒழுங்காக ஓடியது. பெரியப்பா ஒவ்வொரு கிழமையும் "எப்பிடி, ஓடுதே?" என்று கேட்பார். "குதிரை மாதிரி ஓடுது பெரியப்பா" என்பாய். பொய் இல்லை. நீ பிழையாகத் தெரிவு செய்தாய் என்று சொல்கிறாயே, அந்த மாதங்களை நீ கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு பவளம் போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்து சில கிழமைதான். விமானம் ஏறவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் என்னிடம் அழவில்லை. "துளசி நேரலை போடுவாள்தானே? நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னார்.

சகோதரிக்கு நான்தான் கிரியை செய்யவேண்டும். அதனால் கமரா உன் பொறுப்பில் வந்தது. பந்தலும் கூடமும் தெரியக்கூடியதாக அதை முக்காலியில் நிறுத்தி, அதன் மைக்கைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, மூலையில் லப்ரொப்போடு நீ இருந்தாய். மாமி உனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். அழுவதற்கு உனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதை நான் கண்டேன். தலையில் தண்ணி வார்த்து, ஈர வேட்டியோடு, விரலில் தர்ப்பையோடு ஐயர் சொன்னதைச் செய்துகொண்டிருந்த எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. பெண்கள் வரிசையில் வந்து வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். அப்போதுதான் உன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பவளத்திடம் படித்த பிள்ளைகள் எத்தனை நாட்டில் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை. அவளும் யோசித்திருக்க மாட்டாள். அவர்களுக்குள் யாரோ கடவுச்சொல்லைப் பரப்பிவிட்டார்கள். நோர்வே, லண்டன், சிட்னி, பாரிஸ் என்று எல்லா இடத்திலும் இருந்து ஒரே நேரத்தில் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஆறு வயதில் தங்கள் கையைப் பிடித்து 'அ' எழுதுவித்த ரீச்சரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் பெரியப்பா அகப்பட்டுப்போனார். அம்மாவின் போன் அடித்தது, அவர்தான்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. சுத்துது, சுத்திக்கொண்டே நிக்குது. பெட்டி மூடிப்போட்டினமே?"

அம்மா போனை உன்னிடம் கொடுத்தாள். நீ படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாய். நிறுத்தித் திரும்பத் தொடங்கினாய். தொடங்கியவுடன் எல்லோரும் மறுபடி ஒன்றாக வந்து முட்ட, முன்பைவிட மோசமானது. இதெல்லாம் பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கண்டது, நீ லப்ரொப்பை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வந்ததைத்தான். கையில் போனோடு பெண்களுக்குள்ளால் புகுந்து வந்தாய்.

பின்னால் நின்ற ஒருவர், யார் என்று இப்போது வேண்டாம், "என்ன பிள்ளை இது, செத்தவீட்டில போனும் கையுமா?" என்றார். ஐயர் பெட்டியை மூடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். பெட்டிக்காரன் மூடியைத் தூக்கிவிட்டான்.

நான், "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, அண்ணை கதைக்கப் போறார்" என்றேன்.

ஐயர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பிறகு தானே வெளியே போய், அடித்துக்கொண்டிருந்த பறையை நிறுத்தச் சொன்னார். நீ குனிந்து போனை மாமியின் காதோரம் வைத்தாய். பெரியப்பா என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சின்னக் கரகரப்பு ஒன்று மட்டும் வந்தது. நீயும் ஏதோ சொன்னாய், அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அழுகைச் சத்தம் கூடிவிட்டது. நீ போனை எடுத்துக்கொண்டு விலகியதும் மூடியை வைத்தார்கள்.

அன்று பின்னேரம் தளத்தில் வந்து விழுந்ததை எல்லாம் நீ இருந்து வாசித்தாய். 'இதுகூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா', 'எங்கள் ரீச்சரைப் பார்க்க விடாமல் செய்துவிட்டீர்கள்' என்றெல்லாம். ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாய். கமராவுக்குள் பதிவு ஒழுங்காக இருந்ததால் அதை மறுநாளே ஏற்றினாய், பலரும் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் பார்க்கவில்லை. "இப்ப வேண்டாம்" என்றார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த பிறகு நீ என்னைக் கூப்பிட்டு இருத்தினாய். அன்று நீ கதைத்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கள் வேலை ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஒரு மெசினிலேயே எல்லாவற்றையும் போட்டதுதான் சிக்கல் என்றாய். அறிவித்தலும் படமும் காட்டும் பக்கங்களுக்கு ஒரு சின்னச் சேர்வரே போதும், அதற்குப் பெரிய மூளை தேவையில்லை. நேரலைக்கு வேண்டியது அகலமான வாசல். அதை இந்தத் தெருவில் எவ்வளவு காசு கொடுத்தும் வாங்க முடியாது. பார்க்கிறவர்கள் இருக்கும் பக்கமாக வெளிநாட்டில் வாடகைக்கு எடுக்கவேண்டும், காரியம் நடக்கும் நாளுக்கு மட்டும் பெருப்பித்துப் பிறகு சுருக்கவேண்டும். இங்கிருந்து அங்கே ஒரே ஒரு படம் போனால் போதும், அங்கிருந்து எல்லோருக்கும் அது பங்கு கொடுக்கும். பழைய பதிவுகளுக்கு வேகம் முக்கியமில்லை, தொலையாமல் இருப்பதுதான் முக்கியம்.

"அண்ணையின்ரை மெசினை அப்பிடி வாசல் அகலமான இடத்தில கொண்டுபோய் வைக்கேலாதே?" என்று கேட்டேன். விட மனமில்லை எனக்கு.

"கேட்டுப் பாத்தனான் அப்பா. வைக்கிற இடத்துக்கும் அது குடிக்கிற கரண்டுக்கும் வாடகை எடுப்பினம். அந்தக் காசுக்குப் புதுசு எடுக்கலாம். அதோட உது பழசு. ஒரு சாமான் பழுதானால் திருப்பி எடுக்கேலாது. ஓடுது எண்டதுக்காக வைச்சிருந்தால், நிக்கிற அண்டைக்கு நாங்கள்தான் அந்தரப்படுவம்."

வீட்டுக்கென்று நீ எடுத்தது ஒரு அப்பியாசக் கொப்பி அடுக்கு அளவு சின்னப் பெட்டி. சத்தமே இல்லை. அதற்குள் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். கரண்ட் போனால் தன்பாட்டில் ஒழுங்காக நிற்கும்வரை தாங்க ஒரு பற்றரி. அவ்வளவும் போதாதென்று மூன்றாவதாக ஒரு பிரதியை நல்லூரில் சின்னம்மா வீட்டில் வைத்தாய். "ரெண்டு டிஸ்க் இருக்கே, பிறகேன் இன்னொண்டு?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தால் ரெண்டும் ஒண்டாத்தானே போகும்?" என்றாய். எல்லாம் பூட்டி முடித்த பிறகு, ஒரு கலியாண வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கைப் பிடித்து வெளியே இழுத்தாய். நான் பதறிப்போனேன். படம் நிற்கவில்லை. "இழுத்துப் பாக்காமல் நம்பக்கூடாது அப்பா" என்றாய்.

பெரியப்பாவுக்கு நீயே எடுத்துச் சொன்னாய். சுற்றிவளைக்காமல், உங்கள் மெசினை நிறுத்தப்போகிறேன் என்று காரணத்தோடு சொன்னாய். "ஓம் பிள்ளை, உனக்குத் தெரிஞ்சதைச் செய்" என்றாராம். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை வந்த அழைப்பு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அவர் கோபித்துக்கொண்டார் என்று நீ முடிவு கட்டினாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதிய ஏற்பாட்டில் முதலில் போன பெரிய காரியம் குருநகரில் ஒரு கத்தோலிக்கக் கலியாணம். மாப்பிள்ளையின் தமையன் சரக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் நின்றவன். கோயிலுக்குள் நாங்கள் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது தாய் வந்து, "அவனுக்குத் தெரியுமே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நீ அவளை இருத்தி, "கப்பலில லைன் சரியில்லாட்டில் படம் நிக்கலாம் அம்மா. ஆனா சத்தம் நிக்காமல் போகும். சத்தத்துக்கு முதலிடம் குடுத்திருக்கிறன்" என்றாய். அப்படி ஒரு ஒழுங்கு முன்பு எங்களிடம் இருக்கவில்லை. அன்று படம் இரண்டு தரம் நின்றதாம். ஆனால் சுவாமியார் கேட்டதும் தம்பி ஒப்புக்கொண்டதும் ஒரு சொல் விடாமல் கேட்டது என்று அந்தத் தமையன் குரல் அனுப்பியிருந்தான். தாய் அதைக் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். நீ கமரா வயரைச் சுற்றிக்கொண்டு நின்றாய்.

இனி உனக்குத் தெரியாததற்கு வருகிறேன். வைத்தியர் பயணத்துக்கு விட்ட பிறகு பெரியப்பா ஊருக்கு வந்த கிழமையே உனக்குக் கொழும்பில் அலுவல் வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவர் வந்து இறங்கியதும், "துளசி எங்கை?" என்றுதான் கேட்டார். கொழும்பில் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். மெலிந்துவிட்டார். படி ஏறும்போது நின்று மூச்சு எடுத்தார். அடுத்தநாள் காலமை, சாமான் அறையில் அந்த மெசின் சேலைத் துணியால் மூடிக் கிடந்ததைக் கண்டுவிட்டார். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன்.

"விடடா. அவள் எனக்கு அப்பவே எல்லாம் சொன்னவள்" என்றார். துணியை விலக்கி இரும்பில் கையை வைத்தார். "எனக்கு உது என்னத்துக்கு நல்லது, என்னத்துக்குக் கூடாது எண்டு ஒண்டும் தெரியாது. அவங்கள் எறியப்போறம் எண்டாங்கள். நான்தான் மன்றாடி எடுத்தனான். ஊருக்கு வாறன் வாறன் எண்டு பவளத்துக்கு எத்தினை வரியம் சொன்னனான். வரேல்லை. சரி, உதாவது போய் அங்க இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

அவர் கோபிக்கவில்லை, துளசி. பவளம் போன பிறகு, அவளோடு கதைக்கும் அந்த நேரம் வந்தால் போனைக் கையில் எடுப்பாராம், பிறகு யாரோடு கதைப்பது என்று வைத்துவிடுவாராம். அழைப்புக் குறைந்தது அதனால்தான். நாங்கள் இருவரும் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டோம்.

மெசினைப் பிள்ளைகள் திறந்து பார்த்துப் படிக்கட்டும் என்று ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான். பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றைப் பிடித்து ஏற்றினோம். வேண்டாம் என்று அம்மா கத்தக் கத்த, தானும் ஏறி அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு போனார். அங்கே வாத்தியார் அதைப் போட்டுக் காட்டியதும் அந்தப் பழைய சத்தம் வந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார்.

திரும்பி வந்து சாப்பிட்ட பிறகு, "அந்தப் பதிவு இருக்கே?" என்று கேட்டார். எந்தப் பதிவு என்று நான் கேட்கவில்லை. உன் சின்னப் பெட்டியில் இருந்து எடுத்துப் போட்டேன். நான் கிரியைக்குள் இருந்ததால் நானும் அதை முழுதாகப் பார்த்ததில்லை, பார்க்க விருப்பமும் இருக்கவில்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஸ்ரூடியோவில் நான் பாவிக்கும் ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இது ஆர், இது ஆற்றை பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாய்க்கரிசி போட்டார்கள். நீ எழும்பி வந்தாய். ஐயர் வெளியே போனார், பறை நின்றது. நீ குனிந்தாய்.

அண்ணை ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "கேள்" என்றார். திரும்பக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டேன்.

பறை நின்ற அந்தச் சிறு இடைவெளியில், உன் கைப்போனுக்குள் இருந்து வந்த குரலைத் தலைமாட்டில் இருந்த மைக் பிடித்திருக்கிறது. "பவளம், நான் கதைக்கிறன். சாப்பிட்டியே?" என்று கேட்கிறார். ஒரு மறுமொழியும் இல்லை. திரும்பவும், "பவளம், சாப்பிட்டியே?" என்கிறார். அதற்குள் நீ போனை உன் வாய்க்குக் கிட்ட எடுக்கிறாய். அழுதுகொண்டு இல்லை, ஒவ்வொரு நாளும் கதைக்கிற மாதிரிச் சொல்கிறாய்: "ஓம் பெரியப்பா. இப்பதான் எல்லாரும் குடுத்தவை."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அண்ணையைப் பார்த்தேன்.

"எனக்கு அண்டைக்கு வேறை என்னடா வேணும்?" என்றார்.

எனக்குச் சேர்வர் பற்றி நீ சொல்லித்தந்த அளவுதான் தெரியும். சிங்கப்பூரில் உன்னிடம் வரப்போகிறவர்கள் பெரிய கம்பனிக்காரர். எங்களுக்குச் சொன்ன மாதிரி வாசல், குசினி என்று அவர்களுக்குச் சொல்லமுடியாது. அவர்கள் கேட்பதும் வேறாக இருக்கும், கையில் இருக்கும் காசும் வேறாக இருக்கும். நீ கணக்குப் போட்டது ஒருநாள் பொய்த்தது உண்மை. இனியும் பொய்க்கும் நாள் வரும். பொய்த்த நேரத்தில் மெசினுக்கு முன்னால் நின்று தலையைப் பிய்க்காமல், மறுபக்கத்தில் யார் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்து எழும்பிப் போன பிள்ளை நீ. அப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் நான் என் தளத்தைக் கொடுப்பேன். அவர்களும் கொடுக்கட்டும்.

அந்த வேலைக்கு ஓம் என்று எழுது. எழுதிவிட்டுப் பெரியப்பாவுக்கு ஒரு போன் எடு. அங்கே கனடாவில் விடியும் நேரம் பார்த்து எடு, அவர் இப்போது வெள்ளனவே எழும்பிவிடுகிறார்.

அப்பா